யானை உண்ட விளாம்பழம்: உள்ளீடற்ற பாக்டீரியாவைத் தடுப்பூசியாக்கும் ஆய்வு

யானை உண்ட விளாம்பழம் என்றொரு வழக்கு நம்மிடம் உண்டு. ஓட்டில் விரிசல் இராது; கையில் எடுத்தால் கனம் இராது; உடைத்தால் உள்ளே சதை இராது. யானை பழத்தை ஓட்டோடு விழுங்கி, சதையை மட்டும் செரித்துக்கொண்டு, ஓட்டை அப்படியே வெளியேற்றும் என்பது ஊரார் நம்பிக்கை. பழைய வழக்கில் யானையின் இடத்தில் வரும் 'வேழம்' என்ற சொல், இங்கே விளாவைத் தாக்கும் ஒரு நோயின் பெயர், யானைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்குவோரும் உண்டு. எந்த விளக்கத்தை ஏற்றாலும் பழம் ஒன்றுதான்: புறம் குலையாமல் அகம் மட்டும் போன பழம்.

பாக்டீரியாவையும் இந்த நிலைக்குக் கொண்டுவரலாம். அதன் உறையில் ஒரு துளை விழச் செய்தால், உள்ளிருக்கும் குழம்பும் மரபுப்பொருளும் புரதம் செய்யும் ரைபோசோம்களும் அதன் வழியே பீறிட்டு வெளியேறிவிடும். மிஞ்சுவது ஓடு. அதற்கு உயிர் இல்லை, பெருகாது, நோய் தராது. ஆனால் கிருமியின் வெளித்தோற்றம் முழுவதும் அதில் தங்கியிருக்கும். இந்த ஓட்டைத் தடுப்பூசியாகவும், வேறு தடுப்பு மருந்துகளைச் சுமந்து செல்லும் ஊர்தியாகவும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை வியன்னா பல்கலைக்கழகத்தின் வெர்னர் லூபிட்ஸும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்து வந்திருக்கிறார்கள்.

ஆய்வாளர்கள் இதற்கு இட்ட ஆங்கிலப் பெயருக்கு 'பாக்டீரியாவின் ஆவி' என்று பொருள். தமிழில் அது பொருந்தாது. நம் வழக்கில் ஆவி என்பது உடல் அழிந்தபின் எஞ்சுவது. இங்கே எஞ்சுவது உடல், போனதுதான் உயிர். உயிர் பிரிந்த உடலைக் கூடு என்பது நம் மரபு. ஆகவே இக்கட்டுரையில் இதை வெற்றுக்கூடு என்றே அழைக்கிறேன். இந்த ஆய்வின் மையக் கேள்வியும் கூட்டைப் பற்றியதுதான்: நம் எதிர்ப்பாற்றலுக்குப் பாடம் சொல்லித்தருவது கிருமியின் உயிரா, அதன் உடலா?

கொல்வதில் உள்ள சிக்கல்

1897 ஜனவரி 10 அன்று பம்பாயில் வால்டிமார் ஹாஃப்கின், தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். வளர்ப்புக் குழம்பில் பெருக்கிய பிளேக் பாக்டீரியாவைச் சூடேற்றிக் கொன்று செய்த தடுப்பூசி அது. முறை எளியது. பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். வெப்பத்தாலோ ஃபார்மலின் போன்ற வேதிப்பொருளாலோ கொல்ல வேண்டும். கொன்றதை ஊசியில் ஏற்ற வேண்டும். டைஃபாய்டு, காலரா, கக்குவான் இருமல் ஆகியவற்றுக்கான பழைய தடுப்பூசிகள் பலவும் இந்த வழியில் வந்தவையே.

இம்முறையின் குறை, கொல்லும் செயலிலேயே இருக்கிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி இளகாது; வெப்பம் புரதங்களின் மடிப்பைக் குலைத்துவிடுகிறது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. எதிர்ப்பாற்றல் ஒரு கிருமியை அடையாளம் காண்பது அதன் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளின் வடிவத்தை வைத்துத்தான். அந்த வடிவம் சிதைந்தால், தேடப்படும் ஆளின் படத்தில் முகம் கருகிப்போனதைப் போலாகிவிடும். எல்லா மூலக்கூறுகளும் சிதைவதில்லை. அதனால்தான் அந்தத் தடுப்பூசிகள் பலனளித்தன. சிதையாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு பலனளித்திருக்கும் என்பதே அடுத்து வந்த கேள்வி.

இன்னொரு சிக்கல், கைக்குழந்தை உள்ள எல்லா வீடுகளுக்கும் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட பின், "ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாதீங்க" என்று செவிலியர் சொல்லி அனுப்புவார். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமாகிப் பின்னர் நாடு முழுவதும் பரவிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவான் பகுதி, கொல்லப்பட்ட முழு பாக்டீரியாவால் ஆனது. காய்ச்சலுக்குப் பெரும்பாலும் அந்தப் பகுதியே காரணம்.

காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் அஞ்சி, செல்வ நாடுகள் வேறு வழியில் சென்றன. முழு பாக்டீரியாவை விட்டுவிட்டு, அதன் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கித் தந்தன. அமெரிக்கா 1997க்குள் இந்தத் தூய கக்குவான் தடுப்பூசிக்கு முழுமையாக மாறியது. காய்ச்சல் குறைந்தது. ஆனால் 2010இல் கலிஃபோர்னியாவில் கக்குவான் பெரும் கொள்ளைநோயாகத் திரும்பிவந்து 10 பச்சிளங்குழந்தைகளின் உயிரைக் குடித்தது. தூய தடுப்பூசி தரும் பாதுகாப்பு, முழு பாக்டீரியா தந்ததைவிட விரைவில் தேய்கிறது என்பதை அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலான தடுப்பூசி வரலாற்றில் இந்த இழுபறியைக் காணலாம். முழுக் கிருமி நன்றாகப் பாடம் கற்பிக்கிறது, ஆனால் உடலைப் படுத்துகிறது. தூய புரதம் உடலைப் படுத்துவதில்லை, ஆனால் பாடம் மறந்துபோகிறது. வெற்றுக்கூடு இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு பாதையைத் தேடுகிறது. கிருமியின் உடல் முழுமையாக இருக்க வேண்டும். அதைச் சுடவும் கூடாது, வேதிப்பொருளில் ஊறவைக்கவும் கூடாது. அப்படியானால் அதை எப்படிக் கொல்வது?

ஒரு வைரஸின் பழைய தந்திரம்

விடை, பாக்டீரியாவைக் கொல்வதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு வைரஸிடமிருந்து வந்தது. 1935இல் பாரிஸில் செர்டிச், புல்ககோவ் என்ற இருவர் ஃபை எக்ஸ் 174 என்ற பாக்டீரியத்தின்னி வைரஸைக் கண்டறிந்தார்கள். அந்த நிக்கொலாய் புல்ககோவ், ருஷ்ய நாவலாசிரியர் மிகயீல் புல்ககோவின் தம்பி.

மிகச் சிறிய வைரஸ் இது. அதன் மரபுத்தொகுதி முழுவதும் 5,386 எழுத்துகள். மொத்தம் 11 மரபணுக்கள். சிறியதாக இருந்ததாலேயே அறிவியல் வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் கிடைத்தது. 1977இல் ஃபிரெடரிக் சாங்கரின் குழு இதன் எழுத்துவரிசையை வெளியிட்டபோது, டிஎன்ஏ மரபுத்தொகுதி ஒன்று முழுதாக வாசிக்கப்பட்டது அதுவே முதல்முறை.

அந்த வாசிப்பில் ஒரு வியப்பு காத்திருந்தது. 'ஈ' என்ற மரபணு, 'டி' என்ற மரபணுவின் உள்ளேயே முழுவதுமாக அடங்கியிருந்தது. ஒரே எழுத்துவரிசையை ஓரிடத்தில் தொடங்கி மூன்று மூன்றாகப் படித்தால் ஒரு புரதம். ஓரெழுத்துத் தள்ளிப் படித்தால் வேறொரு புரதம். நம் புலவர்களின் சிலேடையை இயற்கை மரபணுவில் எழுதி வைத்ததைப் போன்ற அமைப்பு இது. அந்தச் சிலேடையின் இரண்டாம் பொருள்தான் ஈ புரதம். 91 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இந்தச் சிறு புரதத்தின் வேலை, வைரஸ் உள்ளே பெருகி முடித்ததும் பாக்டீரியாவை உடைத்துக் கதவைத் திறந்துவிடுவது.

வேறு வைரஸ்கள் பல, பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் நொதிகளை வைத்திருக்கின்றன. ஃபை எக்ஸ் 174க்கு அந்த வசதி இல்லை. ஒற்றைப் புரதத்தால் அது காரியத்தை முடிக்கிறது. 1982இல் இந்த மரபணுவை மட்டும் தனியே எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தபோது, வைரஸே இல்லாமலும் பாக்டீரியா உடைந்தது. ஒரு மரபணு போதும் என்பது அன்று உறுதியானது.

1990இல் வியன்னாக் குழுவினர், உடையும் தருணத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். பாக்டீரியா சுக்குநூறாகச் சிதறவில்லை. உள்சவ்வையும் வெளிச்சவ்வையும் ஊடுருவும் ஒரு சுரங்கம் திறந்தது. அதன் விட்டம் 40 முதல் 200 நானோமீட்டர். பாக்டீரியா இரண்டாகப் பிளவுபடும் நடுப்பகுதியிலோ முனைகளிலோதான் அது திறந்தது. வெளியில் இருப்பதைவிட உள்ளே அழுத்தம் மிகுதி என்பதால் உட்குழம்பு தானாகப் பாய்ந்து வெளியேறியது. சுரங்கத்தின் விளிம்பில் இரு சவ்வுகளும் ஒட்டி மூடிக்கொண்டதால், அவற்றின் இடைவெளியில் இருந்த புரதங்கள் அங்கேயே தங்கிவிட்டன.

சுரங்கம் எப்படித் திறக்கிறது என்பதில் இரு கருத்துகள் நிலவின. ஈ புரதமே சவ்வில் குழாய் அமைக்கிறது என்றது வியன்னாக் குழு. 2000இல் அமெரிக்காவில் ரை யங்கின் குழு வேறொன்றைக் காட்டியது. பாக்டீரியா தன் சுவருக்கான செங்கல்லை அடுக்கும் பாதையில் எம்ராய் என்றொரு நொதி உண்டு. ஈ புரதம் அந்த நொதியைப் பிடித்து முடக்குகிறது. சுவர் கட்டும் வேலை நின்றுபோகும். வளர்ந்துகொண்டே இருக்கும் பாக்டீரியா கட்டி முடியாத இடத்தில் பிய்த்துக்கொள்ளும். பென்சிலின் செய்வதும் ஏறக்குறைய இதே வகை வேலைதான். 2023இல் இந்த இரு புரதங்களும் ஸ்லைடி என்ற மூன்றாவது புரதத்தோடு பிணைந்திருக்கும் அமைப்பு அணு அளவில் படமாக வெளிவந்து, இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்த்தது. சுவர்ப்பணி மும்முரமாக நடப்பது பிளவுபடும் நடுப்பகுதியில்தான். துளை பெரும்பாலும் அங்கே விழுவதும் இதோடு பொருந்துகிறது. வளர்ச்சி நின்ற பாக்டீரியாவை ஈ புரதத்தால் உடைக்க முடிவதில்லை என்ற பழைய அனுபவத்துக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது.

தொட்டியில் நடப்பது

செய்முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஈ மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்தவுடனேயே அது வேலைசெய்யத் தொடங்கினால் பாக்டீரியா வளரவே வளராது. ஆகவே ஒரு பூட்டு தேவை. லாம்டா என்ற இன்னொரு வைரஸிடமிருந்து அந்தப் பூட்டை எடுத்தார்கள். வெப்பத்துக்கு நெகிழும் ஓர் அடக்குப் புரதம் அது. தொட்டி 30 பாகை செல்சியஸுக்கு மேல் போகாதவரை அது மரபணுவின்மேல் அமர்ந்து வாயை அடைத்திருக்கும். பாக்டீரியா போதிய அளவு பெருகியதும் தொட்டியை 42 பாகைக்குச் சூடேற்றுவார்கள். அடக்குப் புரதம் நெகிழ்ந்து விலகும். ஈ புரதம் உருவாகும். சற்று நேரத்தில் தொட்டியின் கலங்கல் தெளியத் தொடங்கும். கலங்கல் தெளிவது, கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளிருப்பதைக் கொட்டிவிட்டதன் அடையாளம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி பாக்டீரியா இருப்பதாகக் கொள்வோம். ஆயிரத்துக்கு 999 சாய்ந்தாலும் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் பத்து லட்சம் உயிரோடு இருக்கும். தடுப்பூசியில் உயிருள்ள நோய்க்கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது. ஆகவே இரண்டாவது பாதுகாப்பு தேவைப்பட்டது. ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்த, டிஎன்ஏவைத் துண்டுதுண்டாக வெட்டும் நொதி ஒன்றையும் அதே பாக்டீரியாவிலேயே உருவாகச் செய்தார்கள். கால்சியம் சேர்த்ததும் அது வேலையைத் தொடங்கி, கூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரபுப்பொருளைத் துணுக்குகளாக்கிவிடும். உடையாமல் தப்பியவற்றை முடிக்க பீட்டா புரோப்பியோலேக்டோன் என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்ப்பதும் உண்டு.

மரபுப்பொருளை அழிப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் உடையவை. கூட்டில் நச்சு மரபணுவோ, நுண்ணுயிர்க்கொல்லிக்கு அடங்காத மரபணுவோ மிஞ்சியிருந்தால், குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் பொறுக்கிக்கொள்ள இடமுண்டு. வெப்பத்தாலோ ஃபார்மலினாலோ கொன்ற பாக்டீரியாவில் மரபுப்பொருள் உள்ளேயே கிடக்கும். வெற்றுக்கூட்டிலோ அது பெரும்பாலும் வெளியே கொட்டிப்போயிருக்கும், மிஞ்சியதும் வெட்டுப்பட்டிருக்கும்.

கடைசியாகக் கூடுகளைக் கழுவி, உறையவைத்து, ஈரத்தை வெற்றிடத்தில் உறிஞ்சி எடுத்துப் பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடியைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் அறை வெப்பநிலையில் நெடுங்காலம் வைத்திருக்க முடியும். எளிமை கருதி, மரபணு மாற்றத்தையே தவிர்க்கும் முறைகளும் வந்திருக்கின்றன. சோடியம் ஹைட்ராக்சைடு, சோப்புத்தன்மை கொண்ட சேர்மங்கள் போன்றவற்றைப் பாக்டீரியா உருக்குலையாத அளவுக்குக் குறைத்துச் சேர்த்து, துளையிட்டுக் காலிசெய்யும் 'கடற்பஞ்சு' முறை 2013இல் வெளியானது. இது மலிவானது. ஆனால் வேதிப்பொருள் மேற்பரப்பை எவ்வளவு தொட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் தனித்தனியே சோதித்தறிய வேண்டும்.

உடல் எதைப் பார்த்து விழிக்கிறது

தூய புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் பல நேரங்களில் எதிர்ப்பாற்றல் அதைக் கண்டுகொள்வதே இல்லை. 1920களில் அலெக்சாண்டர் கிளென்னி, அலுமினிய உப்பைச் சேர்த்தால் தடுப்பூசி நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டார். அன்றுமுதல் அது துணையூக்கியாகப் பயன்படுகிறது. அது எப்படி வேலைசெய்கிறது என்பது பல பத்தாண்டுகளுக்குப் புரியாமலே இருந்தது. 1989இல் சார்லஸ் ஜேன்வே ஒரு கருத்தை முன்வைத்தார்: அந்நியப் பொருள் உள்ளே வந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் உடல் கிளர்ந்தெழாது, வந்திருப்பது கிருமி என்பதற்கான அடையாளமும் வேண்டும். கிருமிகளுக்கே உரிய சில மூலக்கூறுகள் அந்த அடையாளத்தைத் தருகின்றன. அவற்றை இனங்காண உடலில் பிறவியிலேயே ஏற்பிகள் இருக்க வேண்டும்.

அந்த ஏற்பிகள் பின்னர் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்புச் சர்க்கரையை உணர்வது டோல் வகை ஏற்பி 4 என்பதை 1998இல் புரூஸ் பாய்ட்லரின் குழு காட்டியது. பாக்டீரியா நீந்த உதவும் கசையிழையின் புரதத்தை ஏற்பி 5 உணர்கிறது. கொழுப்பு ஒட்டிய புரதங்களை ஏற்பி 2 உணர்கிறது. 2011இல் பாய்ட்லரும் ஜூல்ஸ் ஹாஃப்மனும், டென்ட்ரிடிக் செல்லைக் கண்டறிந்த ரால்ஃப் ஸ்டைன்மனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வெற்றுக்கூட்டின் வலிமை இங்கேதான் விளங்குகிறது. இந்த அடையாளங்கள் அனைத்தும் பாக்டீரியாவின் புறத்தில்தான் இருக்கின்றன. சதை போனாலும் ஓடு அவற்றைச் சுமந்திருக்கிறது. ஊரின் எல்லைக்காவலரைப் போல உடலெங்கும் சுற்றிவரும் டென்ட்ரிடிக் செல், ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள இந்தக் கூட்டை உயிருள்ள பாக்டீரியாவைப் போலவே விழுங்குகிறது. விழுங்கியதைத் துண்டுகளாக்கி நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த டி செல்களுக்குக் காட்டுகிறது. தனியே துணையூக்கி எதுவும் தேவைப்படவில்லை. கூடு தானே பாடநூல், தானே எச்சரிக்கை மணி.

கூடு விட்டுக் கூடு

சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்ததாகக் கதைகள் கேட்டிருக்கிறோம். உயிரற்ற உடலுக்குள் வேறோர் உயிர் புகுவது அது. ஆய்வகத்தில் நடப்பதும் ஒருவகையில் அதுவே. உள்ளே வைக்கப்படுவது உயிரில்லை, வேறொரு கிருமியின் அடையாளம்.

பால்வினை நோய் தரும் கிளமிடியாவை எடுத்துக்கொள்வோம். செல்லுக்குள் நுழைந்தால் மட்டுமே பெருகும் பாக்டீரியா அது. தொட்டியில் எளிதாக வளர்க்க முடியாது. அட்லாண்டாவில் ஃபிரான்சிஸ் ஏக்கோவும் அவருடைய குழுவினரும், கிளமிடியாவின் மேற்பரப்புப் புரதத்தைக் காலரா பாக்டீரியாவில் உருவாகச் செய்து, பின்னர் அந்தக் காலரா பாக்டீரியாவை வெற்றுக்கூடாக்கினார்கள். தொட்டியில் வளர்வது காலரா. பாடம் கற்பிப்பது கிளமிடியாவைப் பற்றி. எலிகளில் இது பாதுகாப்பு தந்தது. காலராவின் கூடு குடலிலும் பிறப்புறுப்பிலும் உள்ள சளிச்சவ்வு எதிர்ப்பாற்றலைத் தூண்டவல்லது என்பதால் பால்வினை நோய்க்கு இது பொருத்தமான ஊர்தி.

கூட்டில் சரக்கை வைக்க மூன்று இடங்கள் உண்டு. வெளிச்சவ்வின் மேற்பரப்பு ஒன்று. இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பகுதி இன்னொன்று. காலியான உள்ளறை மூன்றாவது. உள்ளறைச் சுவரில் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தைப் பதித்துவிட்டால், பயோட்டின் என்ற உயிர்ச்சத்தை ஒட்டவைத்த எந்த மூலக்கூறும் அதில் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும்; இயற்கையில் காணப்படும் மிக வலுவான பிணைப்புகளுள் அது ஒன்று. டிஎன்ஏ தடுப்பூசியையும் இப்படி ஏற்றலாம். 2004இல் வெளியான ஆய்வொன்றில், கால்நடைகளின் நுரையீரலைத் தாக்கும் மன்ஹைமியா பாக்டீரியாவின் கூட்டில் டிஎன்ஏவை ஏற்றி எலிகளுக்குச் செலுத்தினார்கள். தனியே செலுத்திய டிஎன்ஏவைவிட அது வலுவான எதிர்வினையைத் தந்தது. தனித்த டிஎன்ஏவுக்கு உரிய செல்லைத் தேடிப்போகத் தெரியாது. கூட்டில் ஏறிய டிஎன்ஏவை டென்ட்ரிடிக் செல்லே தேடிவந்து விழுங்குகிறது.

விலங்குகளில் கண்ட பலன்

நம்பிக்கை தரும் சான்றுகள் பெரும்பாலும் விலங்குகளிடமிருந்து வந்தவை. அவற்றில் இரண்டை விரிவாகப் பார்ப்பது தகும்.

முதலாவது பன்றிகளைப் பற்றியது. ஆக்டினோபேசில்லஸ் என்ற பாக்டீரியா பன்றிகளுக்குக் கொடிய நுரையீரல் அழற்சியைத் தருகிறது. 2000இல் வெளியான ஆய்வில் ஒரு குழுவுக்கு ஃபார்மலினால் கொன்ற பாக்டீரியாவையும், இன்னொரு குழுவுக்கு அதன் வெற்றுக்கூட்டையும் ஊசியாகப் போட்டு, பின்னர் உயிருள்ள கிருமியைக் காற்றில் தூவி மூச்சில் ஏறவிட்டார்கள். இரு குழுக்களும் நோயிலிருந்து காக்கப்பட்டன. ஆனால் வெற்றுக்கூடு பெற்ற பன்றிகளில் கிருமி குடியேறவும் முடியவில்லை. நோயிலிருந்து தப்பியும் கிருமியைச் சுமந்து திரியும் விலங்கு, கொட்டில் முழுவதற்கும் நோயைப் பரப்பும். அந்தச் சுமையாளர் நிலையையே தடுத்ததுதான் இந்த ஆய்வு தரும் முக்கியச் செய்தி. ஒரே பாக்டீரியா, ஒரே ஊசி. கொன்ற முறையில் மட்டுமே வேறுபாடு.

இரண்டாவது, ஈ.கோலை O157:H7 என்ற வகையைப் பற்றியது. சரியாக வேகாத இறைச்சி வழியாக மனிதருக்கு வந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது இது. 2005இல் வெளியான ஆய்வில் இதன் வெற்றுக்கூட்டை எலிகளுக்கு வாய்வழியே ஒரே ஒரு தவணை கொடுத்து, 55ஆம் நாளில் கொல்லும் அளவுக்குக் கிருமியைச் செலுத்தினார்கள். 86 விழுக்காடு எலிகள் பிழைத்தன. 28ஆம் நாளில் இரண்டாம் தவணையும் பெற்றவற்றில் 93.3 விழுக்காடு பிழைத்தன. தடுப்பு மருந்து பெறாதவற்றில் பிழைத்தவை 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஊசியில்லை, துணையூக்கி இல்லை. வாயில் கொடுத்த கூடு மட்டுமே.

தென்கொரியாவில் மீன்களுக்கும் கோழிகளுக்கும் இதே முறையில் சோதனைகள் நடந்திருக்கின்றன. திலேப்பியா மீனைத் தாக்கும் எட்வர்ட்சியெல்லா, கோழியைத் தாக்கும் சால்மொனெல்லா ஆகியவற்றின் வெற்றுக்கூடுகள் பாதுகாப்பு தந்தன. மீனுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடுவது கடினம். தீவனத்தில் கலக்கக்கூடிய தடுப்பு மருந்து கிடைத்தால், குளத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொட்டும் தேவை குறையும். அந்த மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் இது மனிதர் நலனையும் சார்ந்த செய்தி.

இன்னும் ஏன் மனிதருக்கு வரவில்லை

இவ்வளவு இருந்தும், வெற்றுக்கூட்டால் ஆன தடுப்பூசி எதற்கும் மனிதர் பயன்பாட்டுக்கான உரிமம் இதுவரை கிடைக்கவில்லை. இதற்கான காரணங்களை மறைக்காமல் சொல்வதே இந்த ஆய்வுக்கு நாம் செய்யும் மரியாதை.

முதற்காரணம், வலிமையாகச் சொன்ன அதே கொழுப்புச் சர்க்கரை. எதிர்ப்பாற்றலை எழுப்பும் லிப்போபாலிசாக்கரைடு அளவு மீறினால் காய்ச்சலையும், இரத்தத்தில் கலந்தால் உயிராபத்தான அதிர்ச்சியையும் தரும். கூட்டில் அது சவ்வோடு பிணைந்திருப்பதால் தனித்து மிதக்கும்போது தரும் கேட்டைத் தருவதில்லை என்று முயல்களில் செய்த சோதனைகள் காட்டின. ஆனாலும் ஆரோக்கியமான குழந்தைக்குப் போடும் ஊசியில் ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்கும் உறுதி மிகப் பெரிது. வாய்வழியே கொடுப்பது இந்தச் சிக்கலைப் பெரிதும் தணிக்கும். நம் குடல் அந்த மூலக்கூறோடு நாள்தோறும் பழகியதுதான்.

இரண்டாவது, சீர்மை. ஒற்றைப் புரதத் தடுப்பூசியில் என்ன இருக்கிறது என்பதை மில்லிகிராம் கணக்கில் சொல்லிவிடலாம். முழுக் கூட்டில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தொகுப்பிலும் அவை ஒரே விகிதத்தில் இருக்கின்றன என்பதையும், உயிருள்ள பாக்டீரியா ஒன்றும் இல்லை என்பதையும் மெய்ப்பிப்பது செலவு பிடிக்கும் வேலை. மூன்றாவது, எல்லைகள். ஈ புரதத்தின் வேலை, இரு சவ்வுகளும் மெல்லிய சுவரும் கொண்ட கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கே பொருந்தும். தடித்த சுவருள்ள நிமோகாக்கஸ் போன்றவற்றை இப்படிக் காலி செய்ய முடியாது. நான்காவது, ஊர்தியின் மீதே உருவாகும் எதிர்ப்பு. ஒருமுறை காலராக் கூட்டைச் சந்தித்த உடல், அடுத்த முறை அது சுமந்துவரும் வேறு சரக்கைக் காட்டுவதற்குள் கூட்டையே அகற்றிவிடக்கூடும்.

பாக்டீரியாவின் உடலைப் பயன்படுத்தும் மற்ற வழிகள் மனிதரை எட்டிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக் குமிழ்களைக் கொண்டு நியூசிலாந்து 2004இல் மூளையுறை அழற்சிக்கு எதிரான தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது. அதே குமிழ்களை ஒரு பகுதியாகக் கொண்ட பெக்சரோ 2013இல் ஐரோப்பாவில் உரிமம் பெற்றது. பிளவில் பிழை நேர்ந்து பிறக்கும், மரபுத்தொகுதி இல்லாத 400 நானோமீட்டர் அளவுள்ள சிறுசெல்களில் மருந்தை ஏற்றி, ஆஸ்திரேலியாவில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் உள்ளவர்களின் இரத்த நாளத்திலேயே செலுத்தினார்கள். முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. அளவைக் கட்டுப்படுத்தினால் பாக்டீரிய உடலை மனிதருக்குக் கொடுக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

யாருக்கு இது தேவை

கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் 2006இல் தொடங்கிய ஒரு சோதனை இந்தக் கேள்விக்கு வெளிச்சம் தருகிறது. வெப்பத்தாலும் ஃபார்மலினாலும் கொல்லப்பட்ட காலரா பாக்டீரியாவை வாய்வழித் தடுப்பு மருந்தாக இரண்டு தவணை கொடுத்து, ஏறத்தாழ 67,000 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதுகாப்பு 65 விழுக்காடு. உயிரற்ற பாக்டீரிய உடலை வெறுமனே விழுங்கினாலே ஐந்தாண்டுக் காவல் கிடைக்கும் என்பதை இந்தியத் தெருக்களிலேயே மெய்ப்பித்த முடிவு இது. அந்த மருந்து இன்று உலகெங்கும் காலராவைத் தடுக்க உதவும் மருந்துகளின் முன்னோடி.

அந்த 65க்குள் இன்னோர் எண் ஒளிந்திருக்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் பாதுகாப்பு 42 விழுக்காடுதான். காலராவில் நீரிழந்து விரைவில் துவண்டுபோகும் வயது அது. மிகவும் காக்கப்பட வேண்டியவர்களுக்கே மிகக் குறைந்த காவல் கிடைக்கிறது.

வெற்றுக்கூட்டு ஆய்வின் உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். புற்றுநோய் மருந்தைச் சுமப்பது, டிஎன்ஏவைச் சுமப்பது எல்லாம் அறிவுக்கு விருந்தாகும் சாத்தியங்கள். ஆனால் இந்தக் கூட்டின் இயல்புகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். தொட்டியில் மலிவாக வளர்கிறது. ஊசி வேண்டாம். துணையூக்கி வேண்டாம். பொடியாக இருப்பதால் 2 முதல் 8 பாகை வரையிலான குளிர்ச் சங்கிலி வேண்டாம். குடல் நோய்க்குக் குடலிலேயே பாடம் நடத்துகிறது. பன்றிகளிடம் கண்ட வேறுபாடு மனிதரிடமும் நிலைக்குமானால், கிருமி குடியேறுவதையே தடுக்கவும் செய்யலாம். இந்த இயல்புகள் ஒவ்வொன்றும், மின்சாரம் நிலையில்லாத, வெள்ளம் வடிந்த, முகாம்களில் மக்கள் நெருங்கி வாழ்கிற இடங்களுக்கே பொருந்துகின்றன. காலராவும் ஷிகெல்லாவும் டைஃபாய்டும் அங்கேதான் இருக்கின்றன. மூன்றுமே கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களால் வருபவை. கருவியின் எல்லையும் தேவையின் எல்லையும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது அரிது.

ஆகவே இந்த ஆய்வு அடுத்து செய்ய வேண்டியது ஒரு நேரடி ஒப்பீடு. ஒரே காலரா பாக்டீரியா. ஒரு பாதி வெப்பத்தாலும் ஃபார்மலினாலும் கொல்லப்பட்டது, மறுபாதி துளையிட்டுக் காலி செய்யப்பட்டது. இரண்டையும் வாய்வழியே கொடுத்து, முதலில் பெரியவர்களிடம் பாதுகாப்பை உறுதிசெய்து, பின்னர் குழந்தைகளிடம் எதிர்ப்பொருளின் அளவையும் அது நிலைக்கும் காலத்தையும் ஒப்பிட வேண்டும். பெருநிறுவனங்களுக்கு இதில் ஆதாயம் சிறிது. ஹாஃப்கின் காலம்தொட்டுப் பாக்டீரியத் தடுப்பூசி செய்யும் அனுபவமும், மலிவாகச் செய்யும் தொழிற்திறனும், காலரா நோயாளிகளும் ஒருங்கே உள்ள நம் நாட்டைப் போன்ற நாடுகளே இதைக் கையிலெடுக்க வேண்டும்.

பாரிஸில் எப்போதோ பிடிபட்ட ஒரு வைரஸ், தன் மரபணுவுக்குள் மறைத்து வைத்திருந்த 91 கண்ணிகள் நீளமுள்ள ஒரு புரதத்தை நமக்குக் கருவியாகத் தந்திருக்கிறது. பாடம் சொல்லித்தரக் கிருமியின் உயிர் தேவையில்லை, குலையாத உடல் போதும் என்பதை விலங்குகள் காட்டிவிட்டன. அந்த 42 என்ற எண்ணை உயர்த்திக் காட்டும் நாளில்தான் இந்த வெற்றுக்கூடு மனிதருக்கும் பயன்பட்டதாகச் சொல்ல முடியும்.